வெளியே தெரியாத ஓரத் தையல்: எந்தத் துணிக்கு எதைப் போடலாம்

ஓரம் மடித்துக் கையால் தைப்பது என்றாலே "தையல் வெளியே தெரியக் கூடாது" என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. ஆனால் எந்தத் தையலைப் போடலாம் என்று யோசிக்கும்போது அதைக் கடைசியாகப் பார்த்தால் போதும் என்பது என் கட்சி. ஒழுங்காகப் போட்டால் நான் சொல்லப்போகிற நாலு தையலும் வெளியே தெரியாது, ஒழுங்கில்லாமல் போட்டால் நாலும் தெரியும். ஊசி முன்பக்கத் துணியில் எத்தனை இழையை எடுக்கிறது, நூலை எவ்வளவு இறுக்குகிறீர்கள், இந்த இரண்டில்தான் அது பெரும்பாலும் இருக்கிறது. தையல்களுக்குள் இருக்கும் நிஜ வித்தியாசம் வேறு: கால்விரலில் மாட்டுமா, நனைந்து கனத்த துணியைத் தாங்குமா, துணி இழுபட்டால் கூடவே இழுபட்டுக் கொடுக்குமா, அடுத்த வருஷம் பிரிக்க வேண்டுமென்றால் சிரமமில்லாமல் பிரியுமா. இதையெல்லாம் கேட்டால் பாதி முடிவு தானாகவே வந்துவிடும்.

நான் இருப்பது குமரி மாவட்டத்தின் மேற்கு ஓரம், களியக்காவிளைக்குப் பக்கம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி கேரளத்தோடு எல்லையைப் பிரித்தார்கள், துணிமணி விஷயத்தில் அந்த எல்லையை யாரும் மதித்ததாகத் தெரியவில்லை. பாலராமபுரத்துக் கசவு (ஜரிகைக் கரை வைத்த பழுப்பு வெள்ளைப் பருத்தி), மார்த்தாண்டத்தில் எடுத்த பட்டுச் சேலை, கிறிஸ்தவப் பிள்ளைகளின் முதல் நற்கருணைக்கு வெள்ளை சாட்டின் கவுன், தினமும் பஸ்ஸேறித் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிறவர்களின் பேன்ட், ஓணம் வந்துவிட்டால் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே மாதிரி கசவுப் பாவாடை என்று ஒரே தெருவில் எல்லா வகை ஓரமும் தைக்கக் கிடைக்கும். கூடவே மழை. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது, ஓரம் நனைவதும் சேறாவதும் சரியாகக் காயாமல் கொடியில் கிடப்பதும் இங்கே சாதாரணம். வறண்ட ஊரில் உட்கார்ந்து யாரோ சொல்லும் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த எம்மிங். மடிப்பு விளிம்பின் மேலேயே சாய்ந்து சாய்ந்து போகிற தையல். கடையில் "கை எம்மிங்" என்று சொன்னால் இதைத்தான் போட்டுத் தருவார்கள். வேகமாகப் போகும், நெருக்கமாகப் போட்டால் பிடிப்பும் நன்றாக இருக்கும், முன்பக்கம் ஒரு இழை அல்லது இரண்டு இழை மட்டும் எடுத்தால் வெளியே ஒரு புள்ளிகூடத் தெரியாது. குறை உள்பக்கத்தில் இருக்கிறது. நூல் முழுக்க மேலேயே கிடப்பதால் கொலுசு, மெட்டி, கால்விரல் நகம், செருப்பு வார் என்று எது பட்டாலும் மாட்டிக்கொள்ளும், ஒரு இடத்தில் அறுந்தால் பக்கத்தில் இருப்பதும் தளர ஆரம்பிக்கும், காலை உள்ளே விடும்போது பெருவிரல் அந்த ஓட்டையில் நுழைந்து ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்துக்கொண்டு போகும். பாவாடைக்கும் பேன்ட்டுக்கும் இதை நான் சொல்ல மாட்டேன். சேலைக்கு ஃபால்ஸ் வைக்க மட்டும் இதை விட்டால் வேறில்லை, அதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது ஸ்லிப் ஸ்டிச். இதில் ஊசி மடிப்பின் உள்ளேயே கால் இஞ்ச் ஓடும், வெளியே வரும், நேர் எதிரே முன்பக்கத் துணியில் ஒரே ஒரு இழையைக் கிள்ளும், பிறகு வெளியே வந்த அதே இடத்துக்கு நேராகத் திரும்ப மடிப்புக்குள் நுழையும். அந்த "நேராக" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சற்றே முன்னே தள்ளிக் குத்தினாலும் நூல் சாய்ந்து மேலே தெரியும், அப்புறம் அது எம்மிங்தான், பெயர் மட்டும் வேறு. சரியாகப் போட்டால் நூலின் பெரும்பகுதி மடிப்புக்குள் ஒளிந்திருக்கும், அதனால் உரசல் படாது, விரல் மாட்டாது, உள்பக்கமும் சுத்தமாக இருக்கும். மழைக்காலத்தில் தரையை உரசிப் போகிற ஓரத்துக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் இரண்டு நிபந்தனை உண்டு. ஒன்று, விளிம்பை முதலில் கால் இஞ்ச் மடித்து அப்புறம் ஓரத்தை மடிக்க வேண்டும், ஏனென்றால் ஊசி ஓடுவதற்கு ஒரு மடிப்பு வேண்டும். தடித்த துணியில் இந்த இரட்டை மடிப்பு முன்பக்கம் ஒரு வரியாகப் புடைத்துத் தெரியும், தையலே தெரியாமல் இருந்து என்ன பிரயோஜனம். இரண்டாவது, இது இழுபட்டுக் கொடுக்காது. பனியன் மாதிரி நீளும் துணியில் போட்டால் காலை நீட்டும்போதே நூல் பட்டென்று அறும்.

மூன்றாவது, ப்ளைண்ட் ஹெம். ஓரத்தை மடித்துத் தற்காலிகமாக நூலோட்டம் (ஊசியை மேலும் கீழுமாக ஓட்டுகிற நேர்த் தையல்) போட்டு நிறுத்திவிட்டு, மேல் விளிம்பைக் கால் இஞ்ச் அளவு பின்பக்கமாக மடக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த இடுக்கிலே தைப்பது. விளிம்புத் துணியில் சின்னதாக ஒரு பிடி, முன்பக்கத் துணியில் ஒரு இழை, மறுபடி விளிம்பு. தைத்து முடித்து மடக்கியதை விட்டால் நூல் இரண்டு துணிக்கும் நடுவே போய்விடும், உள்ளிருந்து பார்த்தாலும் காணாது. விளிம்பை இரண்டாவது தடவை மடிக்க வேண்டியதில்லை, ஓவர்லாக் (விளிம்பு பிரியாமல் மெஷினில் அடிப்பது) அடித்திருந்தால் போதும், அதனால் தடித்த பேன்ட் துணியில் புடைப்பு வராது. விளிம்புக்குக் கொஞ்சம் கீழே தைப்பதால் அந்த விளிம்பும் முன்பக்கத் துணியோடு இறுக ஒட்டிக்கொள்ளாமல் லேசாக நிற்கும், முன்னால் கோடு விழாமல் இருப்பது இதனால்தான்.

ரெடிமேட் ஃபார்மல் பேன்ட் வாங்கிச் சில மாதத்தில் ஓரம் மொத்தமாக அவிழ்ந்து தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். தொழிற்சாலையில் இந்த ப்ளைண்ட் ஹெம்மை வளைந்த ஊசி மெஷினில் ஒற்றை நூலில் சங்கிலித் தையலாக அடிக்கிறார்கள். சங்கிலித் தையலில் ஒரு முனை விட்டால், சரியான பக்கமிருந்து இழுத்தால், சுற்றிலும் உருவிக்கொண்டு வந்துவிடும். கடையில் நம் உயரத்துக்குச் சுருக்கித் தரச் சொல்லும்போது அந்தப் பழைய தையலை முழுக்க எடுத்துவிட்டுக் கையால் போடச் சொல்வது நல்லது. கையால் போடும்போது நாலு விரல் இடைவெளிக்கு ஒருமுறை விளிம்புத் துணியில் மட்டும் ஒரு பின்தையல் (ஊசியைக் கொஞ்சம் பின்னால் குத்தி எடுப்பது) போட்டுக்கொண்டே போனால், ஒரு இடத்தில் அறுந்தாலும் அந்த நாலு விரலோடு நின்றுவிடும். இது ப்ளைண்டுக்கு மட்டுமில்லை, எல்லாக் கைத்தையலுக்கும் பொருந்தும்.

நாலாவது, எம்ப்ராய்டரி போடுகிறவர்களுக்கு ஹெரிங்போன் என்று பழகிய தையல், தையல் கடையில் கேட்ச் ஸ்டிச் என்பார்கள். மற்ற மூன்றும் வலதுகைக்காரர்களுக்கு வலமிருந்து இடமாகப் போனால், இது இடமிருந்து வலமாகப் போகும், ஆனால் ஊசிமுனை மட்டும் இடப்பக்கமே பார்த்திருக்கும். மேலே ஒரு சின்னப் பிடி, கீழே ஒரு சின்னப் பிடி, நூல்கள் குறுக்கே வெட்டிக்கொண்டு எக்ஸ் எக்ஸாகப் போகும். அந்தக் குறுக்கு வெட்டுதான் இதன் பலம். துணி நீளும்போது எக்ஸ் விரியும், துணி சுருங்கும்போது சுருங்கும், நூலுக்கு வலிக்காது. பனியன் துணிக்கும் நீளும் பேன்ட்டுக்கும் கனமான துணிக்கும் இதுதான். ஒரே தொந்தரவு, நூல் உள்பக்கம் நீளநீளமாகக் கிடக்கும், எம்மிங்கைவிட மோசமாகக் கால்விரல் மாட்டும். அதற்கும் வழி உண்டு: ப்ளைண்டில் சொன்ன மாதிரி விளிம்பை மடக்கிப் பிடித்து, அந்த இடுக்கிலே கேட்ச் ஸ்டிச் போடலாம். இரண்டின் நன்மையும் கிடைக்கும். பேன்ட்டுக்கு என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். வெறும் ப்ளைண்ட் கொஞ்சம் சீக்கிரம் முடியும், இது முட்டி மடக்கி பைக்கில் உட்கார்ந்து எழுந்து போகிற ஆளுக்கும் தாங்கும்.

இனி கசவுப் பாவாடை. ஓணத்துக்கு முந்தின நாட்களில் இங்கே அதிகம் வருவது இந்தக் கேள்விதான், அதிகம் கெட்டுப்போவதும் இந்தத் துணிதான்.

பாலராமபுரத்துத் துணியின் கதை தமிழர்களுக்கும் சொந்தம். திருவிதாங்கூர் பலராம வர்மா மகாராஜா காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து அழைத்துவந்து குடியேற்றிய சாலியர்கள் என்ற நெசவாளர்கள் குழித்தறியில் (தரைக் குழியில் அமைத்த தறி) நெய்ய ஆரம்பித்த துணி அது. மெல்லிய நூலில் நெய்வதால் ஊசி கொஞ்சம் தடித்தாலும் குத்தின இடத்தில் ஒரு கண் விழுந்து நிற்கும். அடுத்து அந்தக் கசவு. ஜரிகை இழையை ஊசிமுனை குத்திப் பிளந்தால் மேலே சுற்றியிருக்கும் பளபளப்பு உரிந்து உள்ளே இருக்கும் நூல் தெரியும், அதற்கப்புறம் அதைச் சரிபண்ண முடியாது. கசவுக் கரையில் கை வைத்தே ஆக வேண்டுமென்றால் ஜரிகையும் பருத்தியும் சந்திக்கிற இடத்தில், பருத்தி இழையைப் பார்த்து எடுக்க வேண்டும்.

ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: கசவுப் பாவாடைக்குக் கீழே ஓரம் மடிக்கவே வேண்டுமா? கரை என்பது நெய்யும்போதே முடிந்த விளிம்பு, அது பிரியாது. கரையைக் கீழே வைத்துத் தைக்கிற பாவாடையில் அதை மடித்துத் தைத்தால் கசவின் அகலம் குறையும், பார்க்கவும் அரைகுறையாக இருக்கும். நீளம் அதிகமானால் மேலே இடுப்புப் பக்கம் வெட்டிக் குறைப்பது ஒரு வழி. வளர்கிற பிள்ளையாக இருந்தால் அதைவிட நல்ல வழி நம் வீடுகளில் பட்டுப்பாவாடைக்குப் பிடிக்கிற டக். கரைக்கு மேலே உள்பக்கமாகத் துணியை மடித்து ஒரு சுற்று டக் பிடித்துவிட்டால் பாவாடை தேவையான நீளத்துக்கு வந்துவிடும், அடுத்த ஓணத்துக்குப் பிரித்துவிட்டால் நீளும்.

அந்த டக்கை எதில் பிடிப்பது என்பதில் எனக்கும் எங்கள் மைனிக்கும் (மதினி) ஒவ்வொரு ஆவணியிலும் ஒரு வழக்கு நடக்கும். "மெஷின்ல ஒரு ஓட்டு ஓட்டினா அஞ்சு நிமிஷம், இதுக்குப்போய் ஊசி எடுத்துட்டு உக்காருவீங்களா?" என்பார் மைனி. மெஷின் ஓட்டு பலமானதுதான், ஆனால் பிரிக்கும்போது அந்த மெல்லிய துணியில் வரிசையாக ஓட்டை தெரியும், ஒரு வருஷம் வெளுத்த துணிக்கும் மடிப்புக்குள் இருந்த துணிக்கும் நடுவில் அந்த ஓட்டைக் கோடும் சேர்ந்து நிற்கும். கையால் சின்ன நூலோட்டம் போட்டு டக்கைப் பிடித்து, அது உள்பக்கம் படிந்திருக்க மடிப்பின் நுனியை மட்டும் ஸ்லிப் ஸ்டிச்சில் முன்பக்கத் துணியோடு இடைவெளி விட்டுப் பிடித்தால், பிரிக்கும்போது நாலு இடத்தில் வெட்டி இழுத்தாலே போதும், துணி ஒருமுறை நனைந்து காய்ந்ததும் தடம் பெரும்பாலும் போய்விடும். பட்டுப்பாவாடைக்கும் இதே கணக்கு. பட்டில் குத்தின ஓட்டை பருத்தியைப் போல மூடாது, அதனால் கைத்தையலுக்கு அங்கே இன்னும் நியாயம் அதிகம்.

கவணியையோ (மேல்துண்டு) முண்டையோ (வேட்டி) வெட்டித் தைக்கும்போது தலைப்புப் பக்கத்து வெட்டு விளிம்பு மட்டும் பிரியும், அதற்குச் சின்னதாக இரட்டை மடிப்பு மடித்து ஸ்லிப் ஸ்டிச் போடலாம். தினசரி உடுத்துகிற முண்டுக்கு மெஷின் ஓட்டே போதும், யார் அதைப் போய்ப் பார்க்கப்போகிறார்கள்.

சாட்டின் கவுன் வேறு தலைவலி. சாட்டினில் இழைகள் மேலே நீளமாக மிதந்து கிடக்கும், பளபளப்பு அதனால்தான் வருகிறது. ஒரே இழையை எடுத்தாலும் அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழுந்து வெளிச்சத்தில் மின்னும், கோயிலில் (சர்ச்சில்) வரிசையாக நிற்கும்போது மெழுகுவத்தி வெளிச்சத்தில் கவுனைச் சுற்றிப் புள்ளி வைத்த மாதிரி தெரியும். இங்கே தையலை மாற்றிப் பிரயோஜனமில்லை, தைக்கிற இடத்தை மாற்ற வேண்டும். வெட்டும்போதே சாட்டினுக்குப் பின்னால் மெல்லிய பருத்தித் துணியை வைத்து இரண்டையும் சேர்த்து ஒரே துணியாகத் தைக்கச் சொல்லுங்கள். ஓரத்தை அந்தப் பருத்தியோடு மட்டும் கேட்ச் ஸ்டிச்சில் பிடித்தால் ஊசி சாட்டினைத் தொடவே தொடாது, முன்னால் நூறு சதவீதம் சுத்தம். தனியாகத் தொங்குகிற லைனிங்கில் பிடித்துவிடக் கூடாது, இரண்டும் வேறுவேறாக அசையும், ஓரம் இழுத்துக்கொண்டு நிற்கும். ஏற்கெனவே தைத்து வந்த ஒற்றைச் சாட்டின் என்றால் இடைவெளியை அரை இஞ்சுக்கு விட்டு, நூலைத் தளர்வாக விட்டு ப்ளைண்ட் போடுவதுதான் ஆகக் கூடியது. இதில் இதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம்.

அம்ப்ரெல்லா கட் பாவாடைக்கு இரண்டு விஷயம். தைத்தவுடன் ஓரம் மடிக்கக் கூடாது, ஒரு நாள் முழுக்க ஹேங்கரில் தொங்கவிட்டு, துணி சாய்வாக வெட்டுப்பட்டதால் இழுபட்டுத் தொங்குகிற இடங்களைத் தரையிலிருந்து அளந்து வெட்டிவிட்டு அப்புறம் மடிக்க வேண்டும். மடிப்பும் அரை இஞ்சைத் தாண்டக் கூடாது, வட்டத்தின் வெளிச்சுற்று உள்சுற்றைவிடப் பெரியது என்பதால் அகலமாக மடித்தால் துணி மிஞ்சிச் சுருக்கம் விழும். கொஞ்சம் மிஞ்சினால் விளிம்பில் ஒரு நூலோட்டம் ஓட்டி லேசாக இழுத்துக்கொண்டால் அடங்கிவிடும். நேர்வெட்டுப் பாவாடைக்கு இந்தக் கவலை இல்லை, மூன்று இஞ்ச்கூட மடிக்கலாம், அந்தக் கனத்தில் பாவாடை நன்றாக விழும்.

நூலும் ஊசியும். தையலைவிட இதில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள் என்று நினைக்கிறேன். கை ஊசியில் நம்பர் கூடக் கூட ஊசி மெலியும். கசவுக்கும் பட்டுக்கும் 10, பேன்ட்டுக்கு 8 அல்லது 7. பாக்கெட்டில் கலந்து வரும் ஊசியில் கைக்கு வந்ததை எடுத்துத் தைத்தால் ஒரு இழையைக் கிள்ளுவது நடக்காது, மூன்று நாலு சேர்ந்துதான் வரும். பார்வை மங்கியவர்களுக்கு எம்ப்ராய்டரி ஊசி வசதி, அதன் காது நீளமானது, மெல்லிய நம்பரிலும் நூல் கோக்கலாம். நூல் எப்போதும் ஒற்றையாக, விரல்நுனியிலிருந்து முழங்கை வரை, அவ்வளவுதான். நீளமாக எடுத்தால் கோக்கிற வேலை குறையும் என்று நினைப்போம், முடிச்சு விழுந்து அவிழ்க்கிற வேலை அதைவிடக் கூடும். நிறம் சரியாகக் கிடைக்கவில்லையா, துணியைவிட ஒரு சாயல் அடர்த்தியானதை எடுங்கள், வெளிறியதை எடுக்காதீர்கள். கண்டில் சுற்றிக் கிடக்கும்போது இருப்பதைவிட ஒற்றை இழையாக வரும்போது நூல் வெளிறித் தெரியும். ஆகவே கடையில் கண்டை வைத்து ஒத்துப்பார்க்காமல் ஒரு சாண் பிரித்துத் துணிமேல் போட்டுப் பார்ப்பதே சரி. கசவுத் துணிக்கு வெள்ளை நூல் போடவே வேண்டாம், அந்தப் பழுப்பு வெள்ளைக்குத் தனி நூல் இங்கே எல்லாக் கடையிலும் உண்டு.

பருத்தி நூலா, பாலியஸ்டரா? எங்கள் பக்கத்து ஈரத்துக்கு, அடிக்கடி நனைகிற ஓரத்துக்குப் பாலியஸ்டர்தான். பருத்தி நூல் ஈரத்திலேயே கிடந்தால் பூஞ்சை பிடித்து இற்றுப்போகும். பட்டுக்குப் பட்டு நூல் நல்லது, கிடைக்காவிட்டால் மெல்லிய பாலியஸ்டர். நூலைத் தேன்மெழுகில் ஒருமுறை இழுத்து, காகிதத்துக்கு நடுவே வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து எடுத்தால் முறுக்கி முடிச்சு விழுவது நிறையக் குறையும். மார்த்தாண்டம் தேனுக்குப் பேர்போன ஊர், தேனீ வளர்க்கிறவர்கள் பக்கத்திலேயே இருக்கும்போது மெழுகுக்கு ஆன்லைனில் அலைய வேண்டாம். ஒரே ஒரு எச்சரிக்கை, தேய்க்காமல் மெழுகோடு அப்படியே தைத்தால் பிறகு சூடு படும்போது பட்டில் எண்ணெய்ப் பொட்டுபோலக் கறை இறங்கும்.

கையால் தைக்காமல் முடிக்கிற வழிகளையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இருக்கிற பழைய கறுப்பு மெஷின் நேர்தையல் மட்டும் போடும், அதில் ப்ளைண்ட் ஹெம் வராது. ஸிக்ஸாக் உள்ள மெஷினும் அதற்கான ஃபுட்டும் (துணியை அழுத்திப் பிடிக்கும் பாகம்) இருந்தால் மெஷினிலேயே போடலாம். சில நேர்தையலுக்கு ஒரு ஸிக்ஸாக் போய் மடிப்பைத் தொட்டு வரும், திரைச்சீலைக்கும் ஸ்கூல் யூனிஃபார்முக்கும் தாராளமாகப் போதும், நல்ல துணியில் கிட்டப்போய்ப் பார்த்தால் வரிசையாகப் புள்ளி தெரியும். யூனிஃபார்மைக் கையில் தைக்க உட்காரவே வேண்டாம் என்பேன், வாரம் முழுக்கத் துவைக்கிற, பிள்ளைகள் மண்ணில் இழுக்கிற துணி அது, சாதாரண மெஷின் ஓட்டே அதற்குச் சரி.

இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்கிற டேப்பும் கடையில் கிடைக்கிறது. நாளைக்கு இன்டர்வியூ, இன்றைக்கு ராத்திரி பேன்ட் நீளம் என்றால் அது தெய்வம்தான். ஆனால் மெல்லிய துணியில் பசை ஊறி முன்பக்கம் தடம் விழும், ஓரம் அட்டைபோல விறைக்கும், துவைக்கத் துவைக்க அங்கங்கே விடும். கசவில் அதை நினைத்தும் பார்க்காதீர்கள். இன்றைக்கு விற்கிற ஜரிகையில் பெரும்பாலானது பாலியஸ்டர் படலத்தில் உலோகப் பூச்சு, பசை உருகுகிற சூட்டில் அது சுருங்கிக் கறுக்கும். அப்புறம் அந்தப் பாவாடையை யாருக்கும் போடவும் முடியாது, கொடுக்கவும் முடியாது.

தையல் கடையில் கொடுத்தால்? நாகர்கோவில் பக்கம் பெண்களின் கைவேலைக்குப் பழைய பேர் உண்டு, 19-ஆம் நூற்றாண்டில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அங்கே லேஸ் பின்னல் கற்றுக்கொடுத்ததிலிருந்து தொடரும் பேர் அது. இன்றும் வீட்டிலிருந்தே கைவேலை செய்து கொடுக்கிற அக்காமார் இந்த மாவட்டத்தில் நிறைய. பட்டு, சாட்டின் என்றால் கையில் பழக்கமில்லாதவர்கள் அவர்களிடம் கொடுப்பதே லாபம். கொடுக்கும்போது "எம்மிங்" என்று மட்டும் சொன்னால் பழைய சாய்வுத் தையல்தான் வரும், "நூல் மடிப்புக்குள்ளே ஓடணும் அக்கா, விரல் மாட்டக் கூடாது" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள், கூலி கொஞ்சம் கூடக் கேட்பார்கள், கேட்பதும் நியாயம். ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் பத்து நாள் இருக்கும்போது கொடுத்தால் அவர்களும் அவசரத்தில்தான் போடுவார்கள்.

ஃபால்ஸுக்கு ஏன் எம்மிங் என்றேன் என்றால், அங்கே வேலை வேறு. சேலையின் கீழ்க்கரை முழுக்க ஃபால்ஸின் கனம் தொங்கும், கொசுவம் வைக்கும்போதும் படியில் மிதிபடும்போதும் இழுப்பெல்லாம் அந்தத் தையலில்தான் வரும். நெருக்கமான சின்னச் சாய்வுத் தையல் அந்த இழுப்பைப் பல இடங்களில் பகிர்ந்துகொள்ளும். அதோடு ஃபால்ஸ் துணியும் மெல்லியது, அதன் மடிப்புக்குள் ஸ்லிப் ஸ்டிச் ஓட்டினால் மடிப்பே சுருண்டு நிற்கும். நூல் மேலே கிடக்கிறதே, விரல் மாட்டாதா என்றால், சேலைக்குள் காலை நுழைத்து உடுத்துவதில்லையே, உள்ளே பாவாடையும் இருக்கிறது. கீழ்விளிம்பை மெஷினில் ஓட்டிவிட்டு மேல்விளிம்பை மட்டும் கையால் போடுகிற கடைகள் உண்டு, தினசரிச் சேலைக்கு அது போதும், பட்டுக்கு இரண்டு பக்கமும் கையால்தான். எதைப் போட்டாலும் ஃபால்ஸை முதல்நாளே தண்ணீரில் முக்கிக் காயவைத்துத் தேய்த்துக்கொள்ள வேண்டும். அதைச் செய்யாமல் வைத்தால் முதல் சலவையில் ஃபால்ஸ் சுருங்கும், சேலை சுருங்காது, கரை முழுக்கச் சுருக்கம் விழுந்து நிற்கும், அதற்கு ஒரே வைத்தியம் பிரித்து மறுபடி வைப்பதுதான்.

ஷிஃபான், ஜார்ஜெட் துப்பட்டாவுக்கு மேலே சொன்ன எதுவும் ஆகாது. ஒன்று, கடையில் பீக்கோ (விளிம்பில் மெஷினில் போடும் நெருக்கமான தையல்) அடித்துக்கொள்ளலாம், மலிவு, சீக்கிரம், ஓரம் கொஞ்சம் விறைப்பாகத் தெரியும், தினசரிக்குத் தப்பில்லை. இல்லையென்றால் கையால் உருட்டித் தைக்கலாம்: விளிம்பைச் சின்னதாக மடித்து, மடிப்பில் ஒரு தையல், வெட்டு விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு இழை, இப்படி ஏழெட்டுப் போட்டுவிட்டு நூலை மெதுவாக இழுத்தால் விளிம்பு தானே உள்ளே சுருண்டு நூல் மறையும். பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் நாலு பக்கமும் முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். கல்யாணத் துப்பட்டா என்றால் உட்காரலாம்.

முடிவெடுத்துத் தைத்தாயிற்று என்றால் மீதி இருப்பது இஸ்திரி, தெரியாத தையல் அங்கேயும் தெரிந்துவிடக்கூடும். முதலில் தற்காலிகமாக நூலோட்டம் போட்ட நூலை எல்லாம் எடுத்துவிடுங்கள், அது இருக்கும்போது தேய்த்தால் அதன் தடம் துணியில் பதியும். உள்பக்கம் திருப்பி, கீழ் மடிப்பை மட்டும் அழுத்துங்கள், தையல் இருக்கிற மேல்விளிம்புக்கு ஒரு விரல் முன்னாலேயே இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட வேண்டும். மேல்விளிம்பையும் தேய்த்தே ஆக வேண்டுமென்றால், அந்த விளிம்புக்கும் முன்பக்கத் துணிக்கும் நடுவில் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகிக்கொண்டு தேய்க்கலாம். கசவுக்கும் பட்டுக்கும் மேலே ஒரு பழைய பருத்தித் துணி போட்டு, மிதமான சூட்டில், தண்ணீர் தெளிக்காமல்.